சங்குக்கு ஊளையிட்ட குட்டி

மகள் அந்த நாய்க்குட்டியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். அவள் தினமும் வேலைக்குப் போய்வரும் ஹோட்டலின் முதலாளி குடும்பத்தோடு கனடா போகிறார். மூன்று மாதக் குட்டியைக் கூட்டிப்போக வழியில்லாமல், கேட்கிற யாருக்கும் கொடுக்கத் தயாராக இருந்தார்களாம். தாய் அசல் ஹஸ்கி, பனி நாட்டு நாய். அப்பன் மார்க்கெட்டில் திரிகிற யாரோ. ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு.

"கேக்காம கொண்டாந்துட்டேன்னு கோவிக்காதீங்கம்மா" என்றாள்.

கோவித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் குட்டியைக் கண்டு எனக்கு வந்தது கோபம் மட்டுமல்ல, பயமும்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. அதற்கு இன்னொரு தொல்லை கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அது என் அண்ணனின் நாய். முன்பு நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தோட்ட லயத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழ் பத்துக் காம்பரா, வீட்டுக்கு ஓர் அறை. முதலாவதில் நானும் மகளும், கடைசியில் அண்ணன். மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் மலை சரிந்து கடைசி இரண்டு காம்பராக்களையும் மூடிவிட்டது. ஒன்றில் ஆளில்லை. மற்றதில் அண்ணன் இருந்தார். நான் துவைத்து எங்கள் காம்பராவுக்குள் கொடியில் போட்டிருந்த அவருடைய கம்பளி ஜேர்சி ஒன்றுதான் மிஞ்சியது. வெளியே நின்ற நாயும் தப்பியது. ரோட்டோரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபோது அதுவும் பின்னாலேயே வந்து, அந்த ஜேர்சியின் மேல் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அது குரைக்கவே இல்லை. தபால்காரர் வந்தாலும் சத்தமில்லை, குரங்கு வந்தாலும் சத்தமில்லை. எஜமான் போன துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று ஊர் சொன்னது. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட.

புது நாயை நேரே வீட்டுக்குள் விடக்கூடாது, இரண்டையும் பொதுவான இடத்தில் சந்திக்கவைக்க வேண்டும் என்று மகள் ஃபோனில் பார்த்துவைத்திருந்தாள். அதனால் ரோட்டில் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தோம். பெரியது குட்டியை ஒரு தடவை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொண்ணுக்குப் புடிக்கல போல" என்றாள் மகள். வெகுநாளைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் நாளே குட்டி ஜேர்சியின் கையைப் பிடித்து இழுத்தது. பெரியது பல்லைக் காட்டியது. உறுமல் இல்லை, வெறும் பல். சத்தமே இல்லாத அந்தக் கோபம்தான் எனக்குப் பயமாக இருந்தது. குட்டி மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டியது. சாப்பாட்டைத் தனித்தனியாக வைத்தோம். எட்டாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், ஜேர்சியின் ஒரு கை மேல் குட்டி தூங்குகிறது. பெரியது கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விட்டிருந்தது. சரி, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவன்று பகல் பன்னிரண்டுக்குத் தேயிலை ஃபெக்டரிச் சங்கு ஊதியது. அதுவரை அந்தச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்த குட்டி, அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து மூக்கை மேலே தூக்கியது. சங்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக ஊளையிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா மாவுக்கையோடு ஓடிவந்தார். "டீச்சர், இது ஆகாதுங்க. நாயி ஊள விட்டா சாவு விழும்னு ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க பாத்ததே போதாதா?"

"அது ஹஸ்கிங்க அத்தே. அந்தச் சாதிக்கு அதுதான் பேச்சு. சங்கு ஊதுனா பதிலுக்கு ஊதுது" என்றாள் மகள்.

"சனிக்கெழம கொண்டுபோய் விட்டுரு" என்றேன் நான்.

"எங்கம்மா விடுறது? அவங்க போயிட்டாங்க. மார்க்கெட்டுலதான் விடணும்."

"அப்ப அங்கயே விடு."

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் சகுனத்துக்குப் பயந்தேன் என்று மகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று விட்டேன். அந்த ஊளை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மலை சரிந்த அன்று மாலை நாலு மணி இருக்கும். மூன்று நாளாக மழை. இரவு வேலை முடித்துவந்த அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் மலையைப் பார்த்து நின்று ஊளையிட்டது. நிறுத்தாமல் ஊளையிட்டது. எங்கள் ஆட்கள் நாய் ஊளையிட்டால் ஏன் என்று பார்க்க மாட்டார்கள். எதையாவது எறிந்து முதலில் அதன் வாயை அடைப்பார்கள். நானும் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக்கட்டையை எடுத்துவந்து வீசினேன். "வாய மூடு, சனியனே!" கட்டை விலாவில் பட்டது. அது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. சத்தம் நின்ற நிம்மதியில் நான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். குடித்து முடிப்பதற்குள் மலை வந்துவிட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் அது கத்தியிருந்தால் அண்ணன் எழும்பியிருப்பார். அதைத் திட்டுவதற்காகவாவது வெளியே வந்திருப்பார்.

சனிக்கிழமையும் மழை. மகள் அழுதுகொண்டே அட்டைப்பெட்டியில் துணி விரித்தாள். சங்கு ஊதியது. குட்டி வாசலில் நின்று மறுபடி தொடங்கியது. எனக்குள் என்ன புகுந்ததோ, அடுப்படிக்குப் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கையில் விறகுக்கட்டை. ஓங்கிவிட்டேன்.

பெரியது ஜேர்சியை விட்டு எழுந்து வந்தது. குட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றது. பல்லைக் காட்டவில்லை. விலாவை என் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்து நின்றது. அன்றைக்குக் கட்டை பட்ட அதே விலா.

கட்டை கையிலிருந்து நழுவியது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடிவந்து, "என்னம்மா, என்ன?" என்றாள்.

"ஒங்க மாமாவோட நாயி அன்னைக்குக் கத்துச்சு. நான்தான் அடிச்சு அதோட வாய மூடுனேன்" என்றேன். மீதியையும் சொன்னேன். மூன்று வருஷம் தொண்டையில் கிடந்தது, சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவள் பெட்டியிலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

குட்டி எங்களோடுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா பன்னிரண்டு மணியானால் கதவைச் சாத்திக்கொள்கிறார். பெரியது இன்றுவரை வாய் திறக்கவில்லை. என்னை மன்னித்ததா என்றும் தெரியவில்லை. குட்டி ஊளையிடுவது சங்குக்குத்தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் லீவு நாட்களில் அந்தச் சத்தம் கேட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து மலையைப் பார்க்கிறேன். பெரியதும் வந்து பக்கத்தில் நிற்கும். குட்டி ஊளையிட்டு முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நிற்போம்.