சமையற்கட்டுக் கூரையில் ஒரு குடும்பம்

யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கெழுதும் கிராணி வேலைக்கு நான் சிங்கப்பூர் வந்தபோது, புக்கித் தீமா ரோட்டில் காட்டோரமாக இருந்த ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. கலியாணமாகாத மூன்று கிராணிமார் சேர்ந்து பிடித்திருந்த வீடு. நான் நான்காவது. அந்தப் பக்கம் டிராம் வராது, அதனால் வாடகை குறைவு. குரங்குகள் வரும், அதனாலும் குறைவு.

வீட்டுக்கு மூத்தவரை நாங்கள் அண்ணை என்போம். நாற்பதைத் தாண்டியவர். தங்கைகள் மூவரையும் கரையேற்றாமல் தனக்குக் கலியாணம் இல்லை என்று தாயிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர். இருவருக்கு முடிந்துவிட்டது. மூன்றாவது தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படிப் பார்த்த மாப்பிள்ளைகளில் ஒருவருக்கு வேறிடத்தில் கலியாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

எங்கள் சமையற்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். அண்ணையின் நிலைமையைப் பார்த்து, அவராகவே ஒரு யோசனை சொன்னார்.

"கிராணி ஐயா, பிரம்மச்சாரிக்குக் காவல் ஆஞ்சநேயர்தான். சனிக்கிழமை தவறாம கும்பிட்டு வாங்க, மனசு அலையாது."

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆஞ்சநேயர் அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் அண்ணை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். சனிக்கிழமைதோறும் தேக்கா பாசாருக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து கொல்லை வேலியடியில் நிற்பார். காட்டிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கி வரும். அதில் மீசையும் தாடியும் வைத்த பெரிய கடுவன் ஒன்று இருந்தது. அது வந்தால் மற்றவை விலகி வழிவிடும். அது தின்று முடிக்கும் வரை வேறெதுவும் பழத்தைத் தொடாது. அண்ணை அதற்குச் சுவாமி என்று பெயர் வைத்துக் கர்ப்பூரமும் காட்டினார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. சுவாமி பழத்தை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். பிறகு, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் ஒரு பெண்குரங்கின் மேல் ஏறுவார். அந்த நேரம் அண்ணை கண்ணை மூடிக்கொள்வார். பக்தி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சுவாமி அந்தப் பக்கம் திரும்பியதும், கூட்டத்திலிருந்த இளம் கடுவன் ஒன்று வேறொரு பெண்குரங்குக்கு வெகுநேரம் பேன் பார்த்துவிட்டு, அதோடு பற்றைக்குப் பின்னால் போகும். அதை நாங்கள் அண்ணையிடம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மருத்துவிச்சி இருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், கிறிஸ்தவர். புருசன் காய்ச்சலில் போய்ச் சில வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கறுப்புப் பையும் குடையுமாக ரிக்‌ஷாவில் ஜாலான் புசார், டோபி காட் என்று பிரசவம் பார்க்கப் போய்வருவார். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு சனிக்கிழமை மிஸி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஐயா, உங்கட சுவாமி என்ர பப்பாசியில ஒண்டையும் விட்டு வைக்கேல்லை."

"மிஸி, அது பிரம்மச்சாரி. பசிக்குத்தான் தின்னுது."

மிஸி அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெண்குரங்குகளின் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த குட்டிகளையும் பார்த்தார். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மழைக்காலம் தொடங்கும்போது எங்கிருந்தோ ஒரு புதுக் கடுவன் வந்தது. முதலில் தூரத்து மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு நாள் காட்டுக்குள்ளிருந்து பெரிய கூச்சல் கேட்டது. மறுநாள் சுவாமி வந்தபோது ஒரு காது கிழிந்திருந்தது. வழி விட ஒருவரும் இல்லை. புதியவன்தான் முதலில் தின்றது. முந்தின வாரம் சுவாமிக்குப் பேன் பார்த்த பெண்குரங்குகளே புதியவனுக்கும் அதே சிரத்தையோடு பார்த்தன. வேலை செய்த கந்தோரில் துரை மாறியபோது நாங்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டோம் என்பதால் நான் எதுவும் சொல்லவில்லை. அண்ணை மட்டும் மனமுடைந்து போனார். புதியவனுக்கு அவர் ஒரு பழமும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சுவாமி எங்கள் சமையற்கட்டுக் கூரைக்குக் குடிவந்தது. கூட ஒரு பெண்குரங்கும் வந்தது. அதன் நெஞ்சில் மைக்கறுப்பாக ஒரு குட்டி. பிறந்து அதிக நாளாகியிராது. சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, சுவாமிக்குக் குடும்பம் வந்துட்டுதுங்க!"

"வரேல்லை," என்றார் மிஸி வேலிக்கு அப்பாலிருந்து. "எப்பவும் இருந்தது. நீங்கள்தான் பாக்கேல்லை."

அண்ணை அன்று கர்ப்பூரம் காட்டவில்லை. ஆனால் பழத்தைக் கூரைக்கு எறிந்தார். பிறகு வேலிப் பக்கம் போய், அந்தத் தாய் ஏன் கூட்டத்தை விட்டுவிட்டு இதோடு வந்தது என்று மிஸியைக் கேட்டார். அவர்கள் இருவரும் பப்பாசியைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"குட்டிக்குப் பயத்தில," என்றார் மிஸி. "முந்தியும் ஒருக்கா இப்பிடிப் புதுசு ஒண்டு வந்தது. வந்த கையோட ஒரு கறுப்புக் குட்டியைக் கடிச்சுச் சாகடிச்சுப் போட்டுது. தாய் பால் குடுக்கிற மட்டும் அடுத்தது வயித்தில தங்கிறேல்லை. மனுசரிலயும் கனபேருக்கு அப்பிடித்தான். அதுக்காகத்தான் கடிச்சுதோ, எனக்குத் தெரியாது. நான் கண்டதைச் சொல்லுறன்."

அன்றிலிருந்து அண்ணை கந்தோரால் வந்ததும் உடுப்பு மாற்றாமல் நேரே கூரையைப் பார்க்கப் போவார். குட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் தேத்தண்ணி குடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாய் குட்டியோடு மிஸியின் பப்பாசி மரத்தடியில் இறங்கியிருந்த நேரம், புதியவன் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. தாய் வீரிட்டது. கூரையிலிருந்து சுவாமி குதித்தது. எங்கள் வீட்டிலிருந்து அண்ணை குதித்தார். கையில் குடை. அந்த வேலியை அவர் எப்படித் தாண்டினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வேலியின் படலைக் கதவு திறந்துதான் கிடந்தது.

சில நிமிடம் மூன்று குரங்குகளையும் அண்ணையையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் புதியவன் காட்டுக்குள் ஓடியது. தாய் குட்டியை அணைத்துக்கொண்டு மரத்தின் உச்சியில் இருந்தது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணை நிலத்தில் இருந்தார். கெண்டைக்காலிலிருந்து இரத்தம் ஓடியது.

மிஸி பையோடு ஓடிவந்து காயத்தைப் பார்த்தார்.

"எது கடிச்சது? புதுசோ?"

"இல்லை," என்றார் அண்ணை. "சுவாமி."

மிஸி சிரிக்கவில்லை. கார்பாலிக் தண்ணீரால் கழுவினார். அண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நோகுதோ?"

"கொஞ்சம்."

"குட்டியைக் காப்பாத்திப் போட்டியள். கத்துங்கோ, ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம்."

அண்ணை கத்தினார். அவ்வளவு சத்தம் அவரிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ரோட்டில் போன ரிக்‌ஷாக்காரர் நின்று பார்த்தார்.

காயத்துக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஆழமான கடி, ஆற நாளாகும் என்றார் மிஸி. முதலில் மிஸி எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறகு அண்ணை நொண்டிக்கொண்டு அங்கே போனார். பிறகு நொண்டாமலே போனார். கட்டு எப்போதோ அவிழ்ந்துவிட்டது, போக்கு நிற்கவில்லை. இதற்கிடையில் ஊரில் மூன்றாவது தங்கைக்கும் ஒருவழியாகக் கலியாணம் நடந்தது. அண்ணை எங்களுக்குப் பாயசம் கொடுத்து அந்தச் செய்தியைச் சொன்னார். அவர் முகத்தில் சந்தோசத்தை விடத் திகைப்புத்தான் அதிகம் இருந்தது.

சில வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அண்ணை சொன்னார்:

"நான் பக்கத்து வீட்டுக்குப் போறன்."

"என்னத்துக்கு அண்ணை?" என்றேன். உப்போ புளியோ முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"இருக்க."

சமையற்காரர் ரசம் ஊற்ற வந்த கரண்டியோடு நின்று, "அப்ப ஆஞ்சநேயர், ஐயா?" என்று கேட்டார்.

"அவரிட்டை ஒரு குறையும் இல்லை," என்றார் அண்ணை. "நான்தான் ஆள் மாறிக் கும்பிட்டிட்டன்."

விதவை, வேதக்காரி என்று சிங்கப்பூரிலிருந்த எங்கள் ஆட்கள் பேசத்தான் செய்தார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் ஒரு மாதம் அண்ணையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரிலிருந்து தங்கைகள் மூவரும் உறவை அறுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணை கொல்லையில் வெகுநேரம் தனியாக நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "மூண்டு பேரையும் தோளில தூக்கி வளத்தனான், தம்பி," என்றார். வேலியில் ஒரு கம்பு சாய்ந்திருந்தது. இருவருமாக அதை நிமிர்த்திக் கட்டினோம்.

அண்ணை ஞானஸ்நானம் வாங்கித் தேவாலயத்தில்தான் கலியாணம் செய்தார். சனிக்கிழமை வாழைப்பழத்தை மட்டும் விடவில்லை. பாதிரியார் அதைப் பற்றி விசாரித்தபோது, "அது சமயமில்லை, அயலவர்," என்று சொன்னாராம்.

சுவாமி ஒரு நாள் கூரையில் இல்லை. காட்டுக்குள் போய்ச் செத்ததோ, வேறு கூட்டம் தேடிப் போனதோ தெரியாது. குட்டியின் கறுப்பு அதற்குள் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. தாய் அதைச் சுமந்துகொண்டு பழைய கூட்டத்துக்கே திரும்பியது. அங்கே அதன் இனசனம் இருந்தது. பெண்குரங்குகள் சுற்றி உட்கார்ந்து பேன் பார்த்தன. புதியவன் குட்டியை மோந்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. மிஸி வாசலில் நின்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஒரு பிரசவத்துக்குப் போனார்.

இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு கடைசித் தங்கையின் புருசனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இருவரும் வந்து இறங்கியபோது அந்தப் பெண்ணுக்கு மாதம் முற்றியிருந்தது. தங்குவதற்கு அண்ணை வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. முதல் வாரம் அவள் மிஸி சமைத்ததைத் தொடவில்லை. எங்கள் சமையற்காரர்தான் வேலிக்கு மேலால் சோறு கொடுத்தார்.

பிள்ளை தலைமாறிக் கிடந்தது. விடியத் தொடங்கிய நோவு மத்தியானம் வரை போனது. அண்ணையும் நானும் கொல்லையில் நின்றோம். உள்ளே மிஸியின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது: "கத்து பிள்ளை. வெக்கப்படாதை, நல்லாக் கத்து."

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். சாயங்காலம் அந்தத் தங்கை மிஸியை முறை சொல்லிக் கூப்பிட்டு, "மச்சாள், பசிக்குது," என்றாளாம். மிஸி சோறு குழைத்துக் கொண்டுபோனார்.