சோதனைக் கூடத்தில் பச்சைப் பட்டை

அவசரக் கதவின் அலாரம் அடித்தபோது நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். அலாரம் அடித்தால் செய்ய வேண்டியது எங்களுக்கு மனப்பாடம். ஷோவை நிறுத்த வேண்டும், எல்லா லைட்டையும் போட வேண்டும், ஆட்களை எண்ண வேண்டும். எண்ணினோம். ஒருவரைக் காணவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் எங்கள் இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலாக்கா டவுனில் ஒரு பழைய கிடங்குக்குள் விண்வெளிப் பேரரசு ஒன்றைக் கட்டியிருக்கிறோம். டிக்கெட் வாங்கியவர்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை, கதைக்குள்ளேயே நடந்து போவார்கள். நான் ஆபரேஷன்ஸ் சூப்பர்வைசர். அதற்கு முன் ஹோட்டலில் விருந்து ஏற்பாடுகளைக் கவனித்தவள். பக்கத்து ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் வந்து போகிறேன்.

வெள்ளியும் பச்சையும்

எங்கள் பேரரசுக்கு ஒரே கொள்கை. "மனிதனே முதல் இனம். மற்றவை சேவகம் செய்யப் பிறந்தவை." சுவரெல்லாம் அதுதான் எழுதியிருக்கும், ஸ்பீக்கரிலும் அதுதான் ஓடும். கவுண்டரில் கையில் ஒரு பட்டை கட்டுவோம். வெள்ளி என்றால் மனிதர், பச்சை என்றால் வேற்றினம். வெள்ளிக்காரர்கள் உயரமான மேடையில் நின்று பார்க்கலாம். பச்சைக்காரர்களைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தி, முகத்தில் டார்ச் அடித்து, குந்த வைத்து, பேரரசின் அதிகாரிகள் இனச் சான்று கேட்பார்கள். பிறகு புரட்சிக்காரர்கள் வந்து மீட்பார்கள். கடைசியில் பேரரசன் சிலை விழும், எல்லாரும் கை தட்டுவார்கள்.

குடும்பமாக வருபவர்கள் பச்சைக்குத்தான் சண்டை போடுவார்கள், அதில்தான் ஓட்டமும் ஒளிதலும் உண்டு. ஆனால் மேடையில் நிற்பவர்களைக் கண்ட்ரோல் ரூம் திரையில் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். லாபியில் கூச்சத்தோடு நின்றவர்கள்கூட வெள்ளிப் பட்டை கட்டிய கொஞ்ச நேரத்தில் கீழே நிற்பவர்களை விரல் நீட்டி அதட்டுவார்கள். அப்படிச் செய்யுங்கள் என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று பிற்பகல் பத்து பெரண்டாம் பகுதியிலிருந்து ஒரு தொழிற்சாலை ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள். ஆண்டு இறுதி உல்லாசப் பயணம். கூட்டி வந்தவள் எச்.ஆர். கவிதா. பட்டைக் கூடையை என்னிடமிருந்து வாங்கி அவளே கொடுக்கத் தொடங்கினாள். ஆபீஸ்காரர்களுக்கும் உற்பத்தி வரிசையை மேய்க்கும் உள்ளூர் லைன் லீடர்களுக்கும் வெள்ளி. நேபாளம், பங்களாதேஷ், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பச்சை.

நான் வாக்கி டாக்கியில் முதலாளியைக் கூப்பிட்டேன். பாஸ் என்பதை இங்கே போஸ் என்போம்; ஹமீது போஸ் மலாக்காவில் பல தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். இந்தத் தொழிலுக்கு அவர் புதுசு.

"போஸ், பட்டைய கலைச்சுக் குடுக்கட்டுமா? ஃபாரின் வொர்க்கர்ஸ் மட்டும் பச்சையில நிக்கிறாங்க."

"கஸ்டமர் இஷ்டம்லா ஸ்டெல்லா. கதைதானே. அவங்களே ஒண்ணும் சொல்லல, நாம ஏன் கிளறணும்?"

அதிகாரி வேஷம் போடும் ஜீவனிடம் ஓடினேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு சாஃப்டா போ, தம்பி. கத்தாத."

"சரிக்கா. டார்ச்சையும் கீழயே அடிக்கிறேன்."

சொன்னபடியே செய்தான். திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலை இறக்கித்தான் பேசினான். அவன் இறக்க இறக்க மேடையில் சத்தம் ஏறியது. மணி என்ற லைன் லீடர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டூடோக்! டூடோக்!" என்று மலாயில் உட்காரச் சொல்லிக் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்தினார்கள். கீழே பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பேசாமல் குந்தினார்கள். என் கை ஷோவை நிறுத்தும் பொத்தானுக்குப் போவதற்குள் அலாரம் அடித்துவிட்டது.

கூரையில்

அந்தக் கதவு பின் மாடிப்படிக்குப் போகும். படி கீழே சந்துக்கும் இறங்கும், மேலே கூரைக்கும் ஏறும். சந்தில் நின்ற செக்யூரிட்டி யாரும் வரவில்லை என்றார். அப்படியானால் மேலே. கூரையின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். நான் படி ஏறி ஓடினேன்.

ஜீவனும் என் பின்னால் ஓடி வந்தான். பாதிப் படியில் அவனைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு யூனிஃபாம், தோளில் பேரரசு முத்திரை, இடுப்பில் தடி.

"இதோட மேல வராத. கழட்டு."

அங்கேயே கழற்றிப் போட்டான். உள்ளே கால்பந்து சட்டையும் அரைக்கால் சட்டையும். நானும் முத்திரை போட்ட என் ஜாக்கெட்டைக் கழற்றிப் படியில் வைத்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் குந்தியிருந்தார். இரண்டு கையும் தலைமேல். அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. சுவர் அவருக்கு ஓரடி பின்னால் இருந்தது. நான் கிட்டப் போகவில்லை. தூரத்திலேயே தரையில் உட்கார்ந்தேன், ஜீவனும் உட்கார்ந்தான். சிமெண்ட் சுட்டது.

"தமிழா நீங்க?" என்றேன்.

"ஆமாக்கா. பாண்டி. சிவகங்கைப் பக்கம்." சட்டென்று ஒரு கையை இறக்கிப் பையைத் துழாவினார். "பர்மிட் இருக்குக்கா. கார்டு காட்டுறேன்."

"கார்டெல்லாம் வேணாங்க. நான் ஸ்டெல்லா, இங்க வேலை செய்றேன். அந்த ஆபீசர் வேஷம் போட்டது இந்தத் தம்பிதான்."

அவர் ஜீவனின் முழங்காலைப் பார்த்தார், பிறகு முகத்தை. மற்ற கையையும் மெல்ல இறக்கினார்.

"வெளையாட்டுன்னு தெரியும்க்கா. மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. முன்ன ஒரு எடத்துல வேலை பாத்தப்ப ராத்திரி இமிகிரேஷன் ஆளுங்க இப்படித்தான் டார்ச்ச அடிச்சு எழுப்பி ஏத்திட்டுப் போயிட்டாங்க. பேப்பர் சரியா இருந்தும் வெளிய வர நாளாச்சு."

ஜீவன் தலையைக் குனிந்தான். "மன்னிச்சிருங்கண்ணே."

"நீங்க மெதுவாத்தான் தம்பி பேசுனீங்க. நடிப்புன்னு தெரிஞ்சுது. மணியண்ணன் கத்துனாரு பாருங்க, அது நடிப்பில்ல. தெனம் லைன்ல கத்துற அதே குரல். அதக் கேட்டதும்தான் ஓடியாந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "வேலை போயிருமாக்கா?" என்றார்.

போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? "நான் பேசுறேன், எந்திரிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து அந்தச் சுவரை விட்டு நகரும்வரை நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே கவிதா முகம் சிவந்து நின்றாள்.

"எல்லாரும் ஜாலியா இருக்காங்க, இவனுக்கு மட்டும் என்னா? ப்ரோக்ராமே கெட்டுப்போச்சு. நாளைக்கு மேனேஜ்மெண்ட் கேப்பாங்க. பிரச்சினை பண்றவன்னுதான் நான் சொல்லணும்."

"பயமா இருந்தா அந்தக் கதவு வழியா வெளிய வாங்கன்னு எல்லாருக்கும் சொல்றாப்ல லாபியில நான்தான் சொன்னேன், கவிதா. அவர் நான் சொன்னதத்தான் செஞ்சாரு. மேனேஜ்மெண்ட் கேட்டா என்ன கூப்பிடச் சொல்லுங்க."

அவள் பஸ்ஸில் ஏறினாள். பாண்டி கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மணி யாரையும் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

போஸின் அறையில்

மறுநாள் போஸிடம் மூன்று விஷயம் கேட்டேன். பட்டை குலுக்கலில்தான் கொடுக்க வேண்டும். குந்த வைப்பதும் சான்று கேட்பதும் கூடாது. மேடையிலிருந்து யாரும் கத்தக் கூடாது.

"பேரரசு கெட்டதா இருந்தாத்தானே அது விழறப்ப ஜனங்க கைதட்டுவாங்க? எல்லாத்தையும் எடுத்துட்டா என்னாத்தக் காட்டறது?"

"கெட்டதாவே இருக்கட்டும், போஸ். கொள்கைய சுவத்துலேர்ந்து எடுக்கச் சொல்லல. ஆனா வெளிய யார் மேல இருக்காங்களோ அவங்கதான் உள்ளயும் மேல நின்னாங்க. அப்புறம் அதுல கதை எங்க இருக்கு?"

அவர் குலுக்கலுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். மற்றது பார்க்கலாம் என்றார். உட்கார், சான்றைக் காட்டு என்ற வசனங்களை இனிமேல் சொல்ல மாட்டேன் என்று ஜீவன் நின்றுவிட்டான், வேலையை விடவும் தயாராக இருந்தான். அவனைப்போல் இன்னொருவன் கிடைக்க மாட்டான் என்று போஸுக்குத் தெரியும். குந்த வைப்பதும் சான்று கேட்பதும் நின்றன. மூன்றாவதுக்கு இன்னும் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாண்டியைப் பற்றித்தான் எனக்குத் தூக்கமில்லை. கவிதாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். முடிவாகவில்லை என்றாள். போன் அடிக்கும்போதெல்லாம் அவளா என்று பார்த்தேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"பாண்டிய ஊருக்கு அனுப்பல, அக்கா. வேற லைனுக்கு மாத்திட்டோம். மணி அந்தப் பழைய லைன்லதான் லீடரா இருக்கான், அத என்னால மாத்த முடியல." ஆனால் போனை வைக்கவில்லை. "அன்னிக்கு நான் யோசிக்காமத்தான் பட்டை குடுத்தேன். யோசிக்காம குடுத்தா ஏன்கா ஃபேக்டரில இருக்கற மாதிரியே சரியா விழுது?"

இங்கே குலுக்கல் கூடை வைத்துவிட்டோம் என்றேன்.

இப்போது புதிதாக வருபவர்களைத் திரைக்கு முன் உட்கார வைத்து ஒன்றைத்தான் சொல்கிறேன். அதிகாரி வேஷக்காரனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவன் சம்பளத்துக்குக் கத்துகிறான். மேடையில் சும்மா கத்துகிறவர்கள் யார், அவர்கள் யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று பாருங்கள். கை ஷோவை நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கட்டும்.