நேனே தின்ற அமாவாசைச் சோறு

நாற்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எந்தப் பலகையையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். அதனால்தான் ஹவாயில் அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மகள் வசிக்கும் ஊரான ஃப்ரீமான்ட்டிலிருந்து அவள் குடும்பத்தோடு நானும் அவள் மாமனாரும் எரிமலையைப் பார்க்கப் போயிருந்தோம். அன்று அமாவாசை. காக்கைக்கு வைக்காமல் சம்பந்தி சாப்பிட மாட்டார். ஃப்ரீமான்ட்டில் வேலியோரம் சோறு வைத்தால் நாலு காக்கை வரும். அந்தத் தீவிலோ, அதற்கென்றே இருந்த காக்கை இனம் காட்டில் அற்றுப்போய்க் கூண்டில்தான் மிச்சம்.

நான் இதைச் சொன்னதும், "அப்போ எங்கப்பா பட்டினியா, சம்பந்தி?" என்றார் அவர்.

பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஜோடி நேனே நின்றன. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத வாத்து. எரிமலைக் கல்லில் நடந்து நடந்து, தலைமுறை தலைமுறையாகக் கால் சவ்வு குறுகிய இனம். மனிதனைக் கண்டு ஓடத் தெரியாது. பக்கத்திலேயே பலகை: உணவு தராதீர்கள், பழகினால் கார்களைத் தேடி வந்து அடிபட்டுச் சாகும்.

சம்பந்தி பேப்பர் தட்டில் பருப்புச் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். ஒரு வாத்து ஆடி ஆடி வந்தது.

"ஃபீட் பண்ணக் கூடாதுன்னு போர்டு இருக்கு, சம்பந்தி" என்றேன், மென்று விழுங்கி.

"அது சிப்ஸ் போடறவங்களுக்கு. நாம வைக்கிறது படையல் இல்லையா?" அவர் கண் கலங்கியிருந்தது. "பாருங்க, அப்பா வந்துட்டார்."

"விடுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள், என் காதருகே.

வேறு எவன் செய்திருந்தாலும் பூங்காவைக் காக்கும் ரேஞ்சரைக் கூப்பிட்டு, புகாரை எழுத்தில் கொடுத்திருப்பேன். இது பெண்ணைக் கொடுத்த இடம். பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

சோறு தீர்ந்தது. எங்கள் வேனைத் தாண்டி இன்னொரு கார் உள்ளே வந்தது. மெதுவாகத்தான் வந்தது. அடுத்த பிடி அதில் வருகிறது என்று நினைத்ததோ என்னவோ, பறவை விலகாமல் நேராக அதை நோக்கிப் போனது.

ஓடி வந்த ரேஞ்சர் மண்டியிட்டு, சக்கரத்தில் அடிபட்டுச் செத்துக் கிடந்த அதைத் தூக்கினார். அலகில் சோற்றுப் பருக்கை. ஜோடி கொஞ்சம் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தது.

"யாராவது தீனி போட்டீர்களா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"நாங்கள் இப்போதுதான் வந்தோம்" என்றேன், நல்ல ஆங்கிலத்தில்.

விரதம் முடிந்ததென்று சம்பந்தி வேனிலேயே சாப்பிட உட்கார்ந்தார். எனக்கும் போட்டு நீட்டினார். வாங்கித் தின்றேன்.