எதிர் ஊருக்காகப் பேசச் சொன்னவர்

சகாயமேரி டீச்சர் காலமான செய்தி எனக்கு உத்திரமேரூர் பஜார் சலூனில் வந்தது. பாதி முகம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். போனில் மேலூர் தனபால். "சார், நம்ம மேரி டீச்சரு பூட்டாங்க. காத்தால நெஞ்சு வலிக்கிதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள..." என்றவர், மேலே பேச முடியாமல் அழுதார். ஒரு காலத்தில் அந்த அம்மையாரைப் பள்ளியை விட்டே துரத்த வேண்டும் என்று என்னிடம் வந்து குதித்தவர் இதே தனபால்தான். அவருக்குக் குறையாமல் நானும் குதித்தேன். அப்போது நான் அந்த மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாகறலில், நடவு நட்டுக் கூலி வாங்கிப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முதுகலை படித்து, அரசியல் அறிவியல் ஆசிரியராக எங்கள் பள்ளிக்கு வந்தார். பதிவேடுகளை நேரத்துக்கு முடித்ததே இல்லை. நோட்ஸ் கொடுக்க மாட்டார். அவர் வகுப்பில் எப்போதும் சந்தை இரைச்சல். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "டீச்சர், இது வகுப்பா, கோயம்பேடா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கன்ஸ்ட்ரக்டிவிசம் சார்" என்றார். பி.எட். தேர்வில் நாங்கள் எல்லோரும் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோன ஆக்கவாதம். பிள்ளைகளின் தலையில் அறிவை ஊற்ற முடியாது, அவர்களே செய்து பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

"நான் எடுக்குற பாடத்துலயும் அதே பேர்ல ஒண்ணு கீது சார். எந்த நாட்டுக்கும் பகையாளி பொறவியிலயே வர்றதில்ல. அவன் நம்மள இன்னா நெனைக்கிறான்னு நாம நெனச்சிக்கிறமே, அதுல கட்டுறதுதான் பகை. கட்டுனத இடிச்சிட்டு வேற மாதிரியும் கட்டலாம் சார்."

எனக்குப் புரியவில்லை. புரியாத எரிச்சலில் அவரை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பாடத்துக்கு அவர் வெளிநாடு தேட வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரையை ஒட்டி ஓர் ஊர், கால்வாயின் கடைசியில் ஓர் ஊர். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பெயரை எழுதினால் எனக்கு இரண்டு பக்கமும் வம்பு. தேர்தல் நடத்தும் முறையைக் கல்லில் வெட்டிவைத்த மண் என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குவோம்; ஏரித் தண்ணீர் என்று வந்துவிட்டால் மண்டை உடையும். மேலூருக்கு நான்கு நாள் தண்ணீர், கீழூருக்கு ஒரு பகல் என்பது பழைய முறை. அந்த ஒரு பகல் தண்ணீரையும் மேலூரார் திருடுகிறார்கள் என்றது கீழூர். கொடுத்தும் போதாத பேராசைக்காரர்கள் என்றது மேலூர். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள், ஆளுக்கொரு சுவரோரமாக உட்கார்ந்து.

டீச்சர் பன்னிரண்டாம் வகுப்பில் அந்த இரண்டு ஊரையும் இரண்டு நாடாக்கினார். ஒரே ஒரு விதி: "உன் ஊருக்காக நீ பேசக் கூடாது. எதிர் ஊருக்காகப் பேசு." பிள்ளைகள் பேசத் தெரியாமல் விழித்தார்கள். ஒரு சனிக்கிழமை, கீழூரின் முறை நாளில், அவர்களைக் கால்வாய்க்கு அழைத்துப் போனார். காலை ஆறு மணிக்கு மதகு திறந்தது. தண்ணீரின் முனையோடு எல்லோரும் நடந்தார்கள். மேலூர் எல்லை தாண்டியதும் கால்வாய் வெடித்துக் கிடந்தது. குடித்துக் குடித்துத்தான் தண்ணீரை விட்டது. கீழூர் வயலை அது தொட்டபோது மாலை மூன்று மணி. ஆறு மணிக்கு மதகு மூடிவிடும். ஆக, எவரும் திருடவில்லை. காய்ந்த கால்வாய்தான் அவ்வளவையும் குடித்திருந்தது!

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். கீழூரின் பகலை, மதகு திறந்த நேரத்திலிருந்து அல்ல, தண்ணீர் வயலைத் தொட்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். அதை டீச்சர் என் மேசையில் வைக்க, மற்ற காகிதங்களோடு படிக்காமலே கையெழுத்துப் போட்டு வட்ட முத்திரையும் குத்திவிட்டேன். அது அறிவிப்புப் பலகைக்குப் போனது.

வினை அங்கேதான் வந்தது. ஏரி மதகைத் திறந்து மூடுகிற கம்புகட்டி ஏழுமலை, மகளின் மாற்றுச் சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தார். பலகையில் முத்திரையோடு இருந்த தாளை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அரசாங்க உத்தரவு என்று நினைத்து, அடுத்த முறையில் அதன்படியே மதகை மூடாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் பள்ளி வாசலில் இரண்டு ஊரும் நின்றன. மேலூரார் கையில் தடி; டீச்சரைத் துரத்தச் சொல்லி முன்னால் நின்றவர் தனபால். கீழூரில் சம்பா கதிர் வாங்குகிற நேரம். அந்தத் தண்ணீர் நின்றால் வைக்கோல்தான் மிஞ்சும் என்று அவர்களும் தயாராக வந்திருந்தார்கள். "கெவுர்மென்ட் ஸ்கூலு, கெவுர்மென்ட் சீலு. இதுக்கு மேல எனக்கு இன்னா ஓணும்?" என்று ஏழுமலை கத்தினார். முத்திரை என்னுடையது, ஆனால் மெமோவை டீச்சருக்கு எழுதினேன். ஏன் உங்களை இடமாற்றம் செய்யப் பரிந்துரைக்கக் கூடாது என்று கேட்டு, எல்லோர் முன்னாலும் நீட்டினேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் அதை வாங்கி மடித்துக்கொண்டு, "வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? உள்ள வந்து பெஞ்சில குந்துங்க" என்று ஊராரை அழைத்தார். பிறகு அந்த வகுப்பில் படித்த தனபாலின் மகளைப் பார்த்தார். அவள் எழுந்து கீழூருக்காகப் பேசினாள்.

"நைனா, காத்தால தெறந்த தண்ணி அங்க போய்ச் சேரவே சாயங்காலம் மூணு மணி ஆவுது. நானே கூட நடந்தேன். நாம ஒரு பகல் தர்றோம்னு சொல்லிக்கினு கீறோம். அவங்களுக்குக் கெடைக்கிறது மூணு மணி நேரம்தான்."

தனபால் கையிலிருந்த தடியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். பின் பெஞ்சிலிருந்து கீழூர்ப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நீங்க திருடலியா? இத்தினி வருசமா உங்களத் திருடன்னே நெனச்சிக்கினு இருந்தோமேப்பா."

அதற்குள் தகவல் அறிந்து நீர்வளத் துறை அதிகாரி வந்து சேர்ந்தார். "இந்த ஆர்டரை யார் போட்டது?" என்று அதட்டினார். நான் டீச்சரைப் பார்த்தேன். எழுந்தவர் தனபால்.

"நாங்கதான் சார் போட்டோம். ரெண்டு ஊரும் ஒத்துக்கினா அது ஆர்டர்தானே?"

அதிகாரி வாதாடிப் பார்த்தார். இரண்டு ஊரும் ஒரே பக்கம் நின்று பேசியதை அவரும் அதற்கு முன் கண்டதில்லை. கீழூரில் அந்த ஆண்டு சம்பா முழுசாய் வீடு வந்தது. பன்னிரண்டு வருடமாக மதகு அந்தத் தாளின்படிதான் திறக்கிறது. மெமோவை நான் டீச்சரிடம் திருப்பிக் கேட்டபோது, "இருக்கட்டும் சார், அடுத்த வருஷப் பசங்களுக்குப் பாடம் எடுக்க ஆவும்" என்று சிரித்தார். தேர்ச்சி விகிதம் உயர்ந்ததா என்றால், இல்லை. செத்தவரைப் பற்றியும் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று மாலை மாகறல் கல்லறைத் தோட்டத்தில் வீட்டார் மண் போட்டு முடித்ததும் இரண்டு ஊராருக்குள் குரல் உயர்ந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஃபாதர் மிரண்டு போனார். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"மேலூருதான் மொதல்ல மண்ணு போடணும். தண்ணி வுட்டவங்க அவங்க" என்றார்கள் கீழூரார்.

"அதெல்லாம் இல்ல, கீழூருதான். அத்தினி வருசம் காஞ்சி கெடந்தவங்க அவங்க" என்று மல்லுக்கு நின்றார் தனபால்.

ஆளாளுக்கு எதிர் ஊருக்காக வாதாடினார்கள். எவரும் இறங்கி வருவதாக இல்லை. நான் விலக்கப் போகவில்லை. குழியோரம் நின்று, வெட்கம் கெட்டு, அழுதுகொண்டே சிரித்தேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், டீச்சர். போய் வாருங்கள்.