அவள் போட்ட குலவை

என் தம்பி ஒடிசாக்காரியைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை. ராஜபாளையத்து நூல் மில்லில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். மில்லில் ஆள் குறைத்தபோது இருவரும் எங்களோடு நடவுக்கு வந்தார்கள். நாங்கள் ஊர் ஊராகப் போகிற கூட்டம். சேத்தூரில் முடிந்தால் மகாராஜபுரம், அங்கே முடிந்தால் வேறெங்காவது. மோட்டார் ரூமில் சமையல், அதன் வாசலிலேயே படுக்கை. பாவம், இந்தப் பிள்ளை எப்படித் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கினாள். அங்கேதான் எனக்கு எரியத் தொடங்கியது.

பேச்சு வரவில்லை, எங்கள் புளி இறங்கவில்லை, பஸ் போர்டு படிக்கத் தெரியவில்லை. பழைய சோற்றை மட்டும் சிரித்துக்கொண்டே தின்றாள். அவள் ஊரிலும் அதுதானாம். சேறும் அதே சேறுதானாம். குனிந்தாள் என்றால், விரல் தண்ணீரைத் தொட்டது தெரியாது, நாற்று நின்றுகொண்டிருக்கும். அதைக்கூடப் பொறுத்தேன்.

குலவையைப் பொறுக்க முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் வரப்போர முனை என்னுடையது. முனையில் நிற்பவள்தான் முதல் நாற்றை ஊன்றுவாள். அவள் குலவை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு முழச் சேறு. தம்பி பெண்டாட்டி ஊரிலும் நல்ல காரியத்துக்குக் குலவை உண்டு போல. முதல் நாள் எனக்குப் பின்னால் எடுத்தாள். என் குரல் விழுந்த பிறகும் அவள் குரல் மலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. எம்புட்டு நீளம் என்று பக்கத்தில் ஒருத்தி வாய்விட்டு வியந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு முழங்கால் வீங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கொஞ்ச நாளைக்குச் சேற்றில் இறங்காதே என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் காலைப் பற்றி நினைக்கவே இல்லை. முனையில் இப்போது யார்?

வேறு யார். வயலுக்கு வந்து பார்த்தால், என் இடத்தில், என் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள்.

நடவு வயலுக்கு வெளியாள் யாராவது வந்தால், அவர் காலடியில் ஒரு முடியை, கட்டின நாற்றுப் பிடியை, வைத்துக் குலவை போடுவோம். அவரும் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டுப் போவார். முந்தின வாரம் நிலத்துக்காரர் வந்தபோதுதான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாருக்கு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை போலிருக்கிறது. வரப்பில் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். முடியை என் காலடியில் வைத்தாள். கண்ணை மூடிக் குலவை எடுத்தாள். முழு மரியாதை.

கூட்டம் சிரித்தது.

“ஏட்டி, அவ நம்ம ஆளுட்டி. பாக்க வந்தவியளுக்குல்லா வைக்கணும்.”

“விடுட்டி. இனிமே அவளும் வரப்புல நிக்கப் போறவதான.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கால்கட்டைப் பார்த்தாள்.

“மதினி, கால் வலி. நீ உக்காரு. நான் நடுதேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

சேலையைச் செருகிக்கொண்டு, அந்த முடியோடு இறங்கினேன். கட்டுப் போட்ட கால் புதைந்தபோது வலி தொடை வரை ஏறியது. தள்ளி நில்லுட்டி என்றேன். சிரித்தபடி தள்ளி நின்றாள். முடியைப் பிரித்து ஊன்றினேன். இழுக்க முடிந்த மட்டும் குலவையை இழுத்தேன். எனக்கு மூச்சு அறுந்த இடத்தில், மற்றவர்கள் வாங்குவதற்கு முன்னால், அவள் பிடித்துக்கொண்டாள். ஒட்டுப் போட்டது தெரியவில்லை.

இப்போதெல்லாம் நான் எடுக்கிறேன், அவள் முடிக்கிறாள். கேட்க நன்றாயிருக்கிறது என்கிறார்கள். இருக்கும். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் எங்கே விட்டேன் என்று தெரிகிறது.