இடது பக்கம்: ஒன்றுமில்லை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் நோகாமல் மேலே ஏற்றிவிட்டு, தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறிப் போகிறவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி எவ்வளவு கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொள்வார். அவருக்கு ரோஷம் வருவது ஒரே விஷயத்தில்தான். மிளகாய்.

கடையில் விற்கிற மிளகாய் இல்லை. அடுப்படியில் அவர் பாதிக் காயை நறுக்கினால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்கு இருமல் வரும். அந்த ரகம். மொட்டை மாடியில் காலி பெயின்ட் வாளிகளில் பதினேழு செடிகள் வைத்திருந்தார். விதைகளை முட்டை அட்டையில் ஊன்றி ஃபிரிட்ஜின் தலைமேல் வைப்பார். அங்கேதான் இளஞ்சூடு மாறாமல் இருக்குமாம். முளைக்க ஒரு மாதம்கூட ஆகும், அதுவரை ஃபிரிட்ஜ் கதவை ஓங்கிச் சாத்த யாருக்கும் உரிமை இல்லை. பூத்த பிறகு ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் ஒட்டிவிடாதபடி கிளைக்குக் கிளை வலைத்துணிப் பை கட்டுவார். அக்காவின் கொசுவலை அப்படித்தான் காலியானது.

பெயர்களும் அவர் வைத்தவைதான். தோல் சுருங்கி, நுனியில் கொடுக்குப் போல வாலுடன் இருக்கும் சிவப்புக் காய் 'மேனேஜர்'. மஞ்சளாய், அப்பாவி போல இருந்துவிட்டு அரை நிமிடம் கழித்துச் சுயரூபம் காட்டுவது 'சம்பந்தி'.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போட்டி. அவரும் நானும் மட்டும். ஆளுக்குப் பாதிக் காய், மென்று விழுங்க வேண்டும், ஐந்து நிமிடம் எதையும் குடிக்கக் கூடாது. எரிச்சல் எப்போது தொடங்கியது, எங்கே, எப்போது அடங்கியது என்று நீள நோட்டில் எழுதிவைப்பார். லிஃப்ட் சர்வீஸ் நோட்டு மாதிரி கட்டம் போட்டு, இடது பக்கம், வலது பக்கம், தொண்டை என்று தனித்தனியாக. அக்கா இரண்டு டம்ளர் பாலோடு கதவருகே நிற்பாள். மூன்றாவது நிமிடத்திலேயே அவளுக்குப் பொறுக்காது.

"போதும், குடிச்சுத் தொலைங்க. நாக்குல சனி உக்காந்திருக்கு ரெண்டு பேருக்கும்."

நான் குடித்துவிடுவேன். மூக்கும் கண்ணும் ஒழுக, வெட்கம் மானம் பார்க்காமல். அவருக்கும் கண் கலங்கும், வியர்க்கும், ஆனால் ஐந்து நிமிடம் முடியாமல் டம்ளரைத் தொட்டதில்லை.

ஒரு ஞாயிறு மேனேஜரை முழுசாக வாயில் போட்டார். இடது கன்னத்தில் ஒதுக்கி, பாக்கு மெல்வது போல மென்றார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. விழுங்கியபோது மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"எப்படி மாமா?"

"இடது பக்கம் பழகிடுச்சு மாப்ள. வலது பக்கம்தான் இன்னும் பச்சப்புள்ள."

நான் தலைகால் புரியாமல் குதித்தேன். மனிதர் எரிச்சலையே ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். நோட்டைப் பிடுங்கி, 'இடது பக்கம்: ஒன்றுமில்லை' என்று எழுதி, பக்கத்தில் 'வெற்றி!' என்று என் கையாலேயே போட்டேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் அதே வரிதான். ஒருநாள் சாப்பிடும்போது அவர் கடைவாயில் ரத்தம் வழிந்தது. நாக்கைக் கடித்தது அவருக்கே தெரியவில்லை. "அக்கா சோறு போடலேன்னு நாக்கையே சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். வாய்ப்புண் மருந்தைத் தினம் பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுக்கிறவன். அவருக்கும் ஒரு ட்யூப் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த என்னை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

நான் 'வெற்றி!' எழுதிப் பதினான்கு மாதம் கழித்து ஆடுகிற பல்லைக் காட்டப் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் மாமாவின் நாக்கில் இடது ஓரத்தில் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறார். மாமா அசையவில்லை. பல்லை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார்.

நாக்குக்கு அடியில் கட்டி. உணர்ச்சி கொடுக்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது.

"எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு?" என்று பெரிய டாக்டர் கேட்டார். எல்லோரும் 'கொஞ்ச நாளா' என்பார்கள். மாமா பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் பின்னோக்கிப் புரட்டினார். புரட்டிக்கொண்டே போனார். 'வெற்றி!' வந்ததும் விரல் நின்றது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

அவர் நோட்டை மூடி மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பாதி நாக்கை எடுத்தார்கள். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஆத்திரத்தோடு மாடிக்கு ஏறி மேனேஜரை வேரோடு பிடுங்கினேன். அடுத்த வாளியில் கை வைத்தபோது அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அந்த எரிச்சல் பிடித்த செடிகளை ஜென்மத்துக்கும் சபித்தவள், தினம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"விடுடா. அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

பேச்சு மெல்லத் திரும்பியது, குழறலாக. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து மேலே இருப்பவனுக்குக் குரல் கொடுக்க முடியாது என்பதால் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. மறுபக்கத்திலும் வரலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். 'மறுபக்கம்' என்ற அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அவர் சாப்பிடும்போதெல்லாம் அக்கா வாயையே பார்ப்பாள். அவர் கண்ணாடி முன் நின்று நாக்கை நகத்தால் கீறிப் பார்ப்பார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும் நம்ப மாட்டார். பதினான்கு மாதம் ஏமாந்தவர் அவர்.

ஒரு வருடம் ஆன பிறகு ஒரு ஞாயிறு என்னை வரச் சொன்னார். மேஜைமேல் நோட்டு, கைக்கடிகாரம், ஒரு சம்பந்தி. கதவருகே பால் டம்ளரோடு அக்கா.

"டாக்டர் வேண்டாம்னாரே மாமா."

"கடுகு அளவு. வலது பக்கம்," என்றார். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது.

கத்தி முனையில் எடுத்து வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நொடி. இருபது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பது. சம்பந்திக்கு அரை நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவர் தோற்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உண்மையாக வேண்டினேன். நாற்பது.

அவர் உதடு துடித்தது. காது சிவந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எரியுது," என்றார். பிறகு குழறலில்லாமல், அழுத்தி, "எரியுதுடி!"

நான் பதறிப்போய் அக்கா கையிலிருந்த பால் டம்ளரைப் பிடுங்கப் போனேன். அவள் விடவில்லை. அவள் முகமும் நனைந்திருந்தது.

"இருடா," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."

மாமா தலையை ஆட்டி, நோட்டை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்து நேரத்தை எழுதினேன்.