அக்கா கேட்டு வாங்கிய வளைவு

எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையான அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அக்காவின் மக்கள் கேட்டுக்கொண்டார்கள். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கூடப் பிறந்தவள் என்பதாலேயே வெறும் புகழ்ச்சியாக எழுத எனக்கு வராது. அக்காவின் பிடிவாதம் எல்லோரும் அறிந்தது. அந்தப் பிடிவாதம் எதற்காக என்பதை உடனிருந்து பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் அக்கா பிறந்தார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த ஆண்டில் அவருக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அக்காவின் வலது முழங்கை வீக்கம்தான் பேச்சாக இருந்தது. எண்ணெய் தடவினார்கள், பற்றுப் போட்டார்கள். வீக்கம் உடைந்து சீழ் வந்த பிறகுதான் அது மூட்டில் வந்த காசநோய் என்று தெரிந்தது. ஊசிகள் போட்டு நோய் அடங்குவதற்குள் மூட்டு கெட்டுப்போயிருந்தது. கையைச் சற்று அசைத்தாலும் உயிர் போகிற வலி.

அந்த வலியோடுதான் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். அந்த வலியோடுதான் தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் டைப் கற்றுக்கொண்டார். “கை வெளங்காத புள்ளைக்கு டைப் எதுக்கு?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்த மலரைப் படிக்கக்கூடும். கோபித்துக்கொள்ள வேண்டாம், கேட்டது உண்மை.

அக்காவுக்கு இருபது வயது நடந்தபோது, எலும்பு வைத்தியம் மட்டுமே பார்க்கும் டாக்டர் ஒருவர் புதுக்கோட்டையில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா அழைத்துப் போனார். வாடகை வீட்டில் ஆறே கட்டில்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசாமல் அக்காவிடம் பேசினார்.

“இந்த மூட்டைப் பழையபடி ஆக்க என்னால முடியாதும்மா. ரெண்டு எலும்பையும் ஒண்ணாச் சேத்து வச்சிட்டா வலி சுத்தமாப் போயிரும். ஆனா அப்புறம் மடங்காது, நீளாது. எந்த வளைவுல சேக்குறேனோ, கடைசி வரைக்கும் அதே வளைவுதான். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.”

ஒரு மனுஷி தன் கைக்கு ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எதைத் தேர்ந்தெடுப்பாள்? டாக்டரே வழி சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் பத்து நாள் மாவுக்கட்டுப் போட்டுப் பார்க்கலாம், வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

முதல் கட்டு, கை வாய்க்கு எட்டுகிற வளைவு. வகுப்பில் வாத்தியாரைக் கூப்பிடுகிற பிள்ளை போல அக்காவின் கை எந்நேரமும் முகத்துக்கு எதிரே நின்றது. ஆனாலும் தன் கையாலேயே சாப்பிட்டார். நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். எங்களைப் பெற்ற ஆத்தாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆறாம் நாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு டைப் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். தோளைத் தூக்கிப் பார்த்தார், மூக்கு மிஷினில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். வலது கை விரல் ஒன்றுகூட எழுத்தில் படவில்லை.

இரண்டாவது கட்டு, மேசைமேல் கை வைத்திருக்கிற அளவு வளைவு. கட்டின் ஈரம் காய்ந்ததுமே மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பத்து விரலும் அதனதன் எழுத்தில் விழுந்தன. ஆனால் சோற்றை எடுத்தால் வாய்க்கு ஒரு சாண் தள்ளியே கை நின்றுவிட்டது. அதற்குமேல் நகரவில்லை.

அன்று கட்டிலைச் சுற்றி நாங்கள் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதிகம் பேசியவள் நான்தான்.

“வேல கெடைக்குமான்னே தெரியாது. சோறு மூணு வேளையும் திங்கணும். எல்லாரும் பாக்க எடது கையாலயா திம்ப?” என்றேன்.

“திங்க ஒரு கை போதும்டி, எனக்கு இன்னொரு கை இருக்கு. மிஷினுக்கு ரெண்டு கையும் வேணும்” என்றார் அக்கா.

அப்புறம்தான் அப்பா கேட்டார். “எல்லாஞ் சரி தாயி. சிலுவை எப்படிப் போடுவ?”

அக்கா முகம் வாடிப்போயிற்று. இடது கையால் சிலுவை போடுவதை எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்தும் பார்த்ததில்லை. அக்காவுக்கும் அதற்கு மனம் ஒப்பவில்லை. வேலை ஒரு பக்கம், பிறந்தது முதல் பழகிய விசுவாசம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

அப்பா ஊருக்குப் போய் எங்கள் கோயில் பங்குச் சாமியாரை அழைத்து வந்துவிட்டார். அவர் புத்திமதி சொல்லி அக்காவின் மனதை மாற்றுவார் என்று நானும் எதிர்பார்த்தேன். சாமியார் கட்டில் ஓரமாக நின்று, “போட்டுக் காட்டும்மா” என்றார். அக்கா கையைத் தூக்கினார். நெற்றிக்குக் கொஞ்ச தூரம் தள்ளிக் கை நின்றது. அந்த இடத்திலேயே, காற்றில், மேலும் கீழும் இரண்டு பக்கமும் வரைந்தார். கண்ணீர் தாரையாக ஓடியது.

சாமியார் அப்பாவைப் பார்த்து, “எட்டுன வரைக்கும் போட்டுட்டா. மிச்சத்த ஆண்டவர் எடுத்துக்குவாரு” என்றார்.

மறுநாள் டாக்டர் கேட்டபோது அக்கா சொன்னது ஒரே வார்த்தை. “ரெண்டாவது.”

அறுவை சிகிச்சை அன்று ஆத்தாவும் நானும் வாசலில் செபமாலை சொல்லியபடி இருந்தோம். மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் கேட்டது, “சொன்ன வளைவுலதான வச்சிருக்காங்க?” என்றுதான். மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு இருந்து, அதை வெட்டி எடுத்த நாளில் டாக்டர் கையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். அக்கா சிரித்தார். ஏழு வருடங்களில் அந்தக் கையை ஒருவர் தொட்டு அக்கா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

டைப்பில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறினார். முதலில் ஒரு வக்கீலிடமும், அறுபதுகளில் அரசாங்க அலுவலகத்திலும் டைப்பிஸ்ட் ஆனார். அவர் சம்பாத்தியத்தில்தான் நான் மேலே படித்தேன். பெண் பார்க்க வந்த அத்தானிடம், “நான் எடது கையாலதான் சாப்பிடுவேங்க, பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாது” என்று முகத்துக்கு நேரே சொன்னார். “நான் வலது கையால தின்னே பாதியச் சிந்துவேங்க” என்றார் அத்தான். அதோடு கலியாணம் முடிவாகிவிட்டது.

பட்ட சங்கடங்களும் உண்டு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இடம் போனதைப் பார்த்திருக்கிறேன். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார். தலை பின்னிவிட ஆள் வேண்டும், கலியாணம் வரை அது என் வேலை. கோயிலில் அவர் காற்றில் போடுகிற சிலுவையைக் கண்டு, “யாருக்குக் கை காட்டுறாங்க?” என்று குழந்தைகள் கேட்கும். ஆனால் தன் வாய்க்கு எட்டாத அந்தக் கை பிள்ளைகளின் வாய்க்கு நன்றாகவே எட்டியது. மூன்று பேருக்கும் வலது கையாலேயே ஊட்டி வளர்த்தார்.

எண்பது கடந்து, நான்கே நாள் காய்ச்சலில், யாருக்கும் பாரமில்லாமல் அக்கா போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் அருகிருந்த மருமக்களுக்கும், மருத்துவம் பார்த்தவர்களுக்கும், செபித்த பங்கு மக்களுக்கும், தொலைவிலிருந்து ஓடி வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவிடமே கேட்டுச் செய்த அந்த டாக்டருக்கு இந்த நன்றி போய்ச் சேர வழியில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய தெருப் பெண்களுக்கும் நன்றி. பெட்டியில் வைத்த பின் கைகளைச் சேர்த்துச் செபமாலை சுற்ற வந்தார்கள். இடது கையை மட்டும்தான் மடக்க வேண்டியிருந்தது. வலது கை தானாகவே வயிற்றின்மேல் சரியான இடத்தில் கிடந்தது. எல்லோருடைய கையையும் போலவே இருந்தது. வரிசையில் வந்து பார்த்த ஒரு புது மருமகள், “இவங்களுக்குக் கையில ஏதோ கொறைன்னாங்களே, நல்லாத்தானே மடக்கி வச்சிருக்காங்க?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண்ணுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தக் கையை யாரும் மடக்கி வைக்கவில்லையம்மா. அது என் அக்கா இருபது வயதில் தானே கேட்டு வாங்கிக்கொண்ட வளைவு.